கிளையும் மரபணுவும்: மறவர் மணத்தடை பற்றி ஒரு மறுப்பு

மறவர் கிளைமுறையில் மரபணு அறிவின் முன்னோட்டத்தைக் காணும் வாசிப்பு ஒன்று நம் ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. ஒரே தாய்வழிக் கிளையில் பிறந்தோர் மணக்கக்கூடாது என்ற விதி, நெருங்கிய உறவில் மணந்தோரின் குழந்தைகளுக்கு வரும் கேட்டைப் பல தலைமுறைகளாகப் பார்த்துத் தெளிந்த சமூகம் அமைத்துக்கொண்ட காப்பு என்பது அதன் சாரம். அவ்வாசிப்பின் முதற்சான்று அக்காள் மகள். தமிழகத்தின் பல சாதிகளில் தாய்மாமனின் உரிமையாகக் கருதப்படும் அந்த மணத்தைக் கிளைவிதி தடுக்கிறது. அக்காள் மகள் அக்காளின் கிளை, அதுவே மாமனின் கிளை. உறவுமணங்களில் மிக நெருங்கியதை இவர்கள் விலக்கியது எப்படி என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடைதான் பொருந்தவில்லை.

முதலில் மூலம். இவ்வாசிப்பு சாய்ந்து நிற்பது ஃபாசெட் 1903இல் வெளியிட்ட கட்டுரையின் மீதும், தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வந்த தர்ஸ்டனின் நூல்வரிசையின் ஐந்தாம் தொகுதி மீதும். மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சை, பனை என ஆறு கொத்துகள், கொத்துக்கு மூன்று கிளைகள் என்ற வரைபடம் அங்கிருந்தே வருகிறது. ஃபாசெட் எழுதியது திருநெல்வேலிச் சீமையின் கொண்டையங்கோட்டை மறவரைப் பற்றி. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளோ செம்பிநாட்டு மறவர். அவர்களுடைய கிளைப் பெயர்கள் வேறு. ஒன்றின் படத்தை மற்றதன் மேல் அப்படியே போர்த்துவது சரியன்று. ஆகவே இரு பிரிவுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பிள்ளை தாயின் கிளை, ஒரே கிளைக்குள் மணமில்லை.

இவ்விதியைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரே மூதாதையின் மரபணுப் பிரதி தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் ஒரு குழந்தைக்கு வந்துசேரும் வாய்ப்பு, மாமன்–அக்காள் மகள் மணத்தில் எட்டில் ஒன்று; அத்தை மகள், மாமன் மகள் மணங்களில் பதினாறில் ஒன்று. இவ்வளவில் முந்தைய வாசிப்புக்கு வலுவுண்டு. ஆனால் சித்தி மகள், பெரியப்பா மகள் ஆகியோருக்கும் அதே பதினாறில் ஒன்றுதான். முறைப்பெண்ணுக்கும் தங்கை முறைக்கும் மரபணுவின் கண்ணில் வேறுபாடு இல்லை. இது எல்லோரும் அறிந்ததே. அவ்வளவாகக் கவனிக்கப்படாதது அடுத்தது.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ‘அ’ கிளை ஆண் ‘ஆ’ கிளைப் பெண்ணை மணக்கிறான்; அவள் அண்ணன் இவன் தங்கையை மணக்கிறான். முதல் இணையின் மகன் ‘ஆ’ கிளை, இரண்டாம் இணையின் மகள் ‘அ’ கிளை. இவ்விருவரும் மணக்கக் கிளைவிதி தடை சொல்வதில்லை. அவள் அவனுக்கு அத்தை மகள், மாமன் மகள் இரண்டுமே ஆவாள். முறையும் இருமடங்கு உறுதி. இவர்களின் குழந்தைக்கான வாய்ப்பு இரண்டு பதினாறில் ஒன்றுகள், அதாவது எட்டில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் வருவதும் அதேதான்! மரபணுக் கேட்டுக்கு அஞ்சி எழுந்த விதியென்றால், அதே அளவு கேட்டுக்கு வாசலைத் திறந்துவைத்தது ஏன்? எழுபது கல் தொலைவில், முன்பின் பார்த்திராத, ரத்தத் தொடர்பே காட்டமுடியாத ஒரே கிளைக்காரியை விலக்கியது ஏன்?

தாய்வழி என்பதால் எக்ஸ் குரோமோசோம் பக்கம் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மகளுக்கான எக்ஸ் கணக்கில் சித்தி மகள் மணம் பதினாறில் மூன்று, அக்காள் மகளும் மாமன் மகளும் எட்டில் ஒன்று, அத்தை மகளும் பெரியப்பா மகளும் சுழியம். முதலாவதைக் கிளை விலக்குவது பொருத்தமே. ஆனால் எட்டில் ஒன்றான மாமன் மகளை வரவேற்று, சுழியமான பெரியப்பா மகளைத் தங்கையாக்கும் முறை எந்த எக்ஸ் அறிவின் விளைவு? கிளை தாய்வழியே இறங்கும் மைட்டோகாண்ட்ரியாவின் தடத்தைப் பின்பற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அது தாயிடமிருந்தே வருவதால் இருபுறமும் சேரும் கேடு அதற்கில்லை.

வேறு மறுப்புகளுக்கு அதிக இடம் தேவையில்லை. பல தலைமுறை உறவுமணம் கெட்ட மரபணுக்களைக் களைந்துவிட்டிருக்கலாம் என்று வேலூரிலிருந்து ராவும் இன்பராஜும் 1977இல் முன்வைத்த கருத்து கிளைவிதிக்குத் துணையாகாது. களைந்துவிட்டால் காப்பே வேண்டியதில்லை. வியர்வை மணத்தில் எதிர்ப்பாற்றல் மரபணு வேறுபாட்டைப் பெண்கள் உணர்கிறார்கள் என்ற வெடெகிண்டின் 1995ஆம் ஆண்டு பெர்ன் சோதனை, மாப்பிள்ளையைத் தாய்மாமனும் ஆத்தாளும் முடிவுசெய்யும் ஊரில் யாருடைய மூக்கைப் பற்றியது என்று தெரியவில்லை. சாதிக்குள் அடைபட்ட மணத்தால் சிறு முன்னோர் கூட்டத்தின் நோய்கள் பரவலாகத் தங்கியிருப்பதை 2017இல் தங்கராஜும் சகாக்களும் காட்டினர். அந்த வேலியைக் கிளை தாண்டச் சொல்லவேயில்லை.

குணமும் கிளைவழி வருகிறது என்ற பேச்சில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இரட்டையர் ஆய்வுகள் ஆளுமை வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை மரபுக்குத் தருகின்றன. அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டின் கணக்கு. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு அதிலிருந்து எதுவும் பெறமுடியாது. ரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்ற நம்பிக்கை 1911ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடிச் சட்டமாக முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கைநாட்டு வாங்கியது. சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947இல். ‘வீரமரபு’ என்ற புகழுரையும் அதே பிழையின் மறுபக்கம்.

அப்படியானால் பரிணாமத்துக்கு இங்கே இடமே இல்லையா? உண்டு, கிளைக்கு வெளியே. பெரியப்பா மகளைக் கிளை தடுப்பதில்லை, அவள் தாய் வேறு கிளையாயிருக்கலாம், உறவுமுறைதான் தடுக்கிறது. அண்ணன் தம்பி வீடுகள் ஒட்டியிருக்க, ஒரே முற்றத்தில் வளரும் பிள்ளைகள் அவர்கள். சேர்ந்து வளர்ந்தோரிடம் பிற்காலத்தில் காம ஈர்ப்பு எழுவதில்லை என்று வெஸ்டர்மார்க் 1891இல் சொன்னதைத் சிறுமியாகவே மாமியார் வீட்டுக்கு வந்து வளர்ந்து அவ்வீட்டு மகனை மணக்கும் தைவானின் சிறுமருமகள் மணங்களைக் கொண்டு ஆர்தர் வூல்ஃப் வலுப்படுத்தினார். கிளைவிலக்குக் கொடுக்கல்வாங்கலை வெளியே தள்ளும் சமூக ஏற்பாடு, பங்காளிவிலக்கு உடன்வளர்ச்சியின் வெறுப்பு மேல் எழுந்தது என்று இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே முறை என்பது என் துணிபு. தொலைதூரப் பங்காளிக்கும் விலக்கு நீள்வது இதற்குத் தடையென்பர். விதி பிறந்த இடமும் அது பரந்த இடமும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

இதைச் சோதிக்கக் கடற்கரை ஓர் இடம் தருகிறது. கீழக்கரை மரைக்காயரிடையே மகள் தாய்வீட்டிலேயே தங்க, மருமகன் வந்துசேர்கிறான். எனவே சேர்ந்து வளர்வோர் அக்காள் தங்கை பிள்ளைகள். இஸ்லாம் சித்தி, பெரியப்பா, அத்தை, மாமன் பிள்ளைகள் என நால்வகையினரோடும் மணத்தை அனுமதிக்கிறது. அங்கே சித்தி மகள் மணம், பெரியப்பா மகள் மணத்தைவிட அரிதாயிருந்தால் வெஸ்டர்மார்க்குக்கு நல்ல ஆதாரம் கிடைக்கும். இல்லையெனில் என் இரண்டாம் பாதி வாதத்தைக் கைவிட வேண்டியிருக்கும். முதல் பாதிக்கு அதனால் பாதிப்பில்லை. பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடுகளை அந்தந்த ஜமாத்தின் ஒப்புதலோடு, குடும்ப வரலாறுகளுடன் இணைத்துப் படிப்பதே அடுத்து ஆகவேண்டிய வேலை.