புகைப்பட எண்மமாக்கம்

அச்சிட்ட புகைப்படங்களை ஸ்கேன் செய்து, நெடுங்காலம் காக்கத்தக்க கணினிக் கோப்புகளாக்கும் பணி. தூசியை மென்தூரிகையால் நீக்கி, ஸ்கேனர் கண்ணாடியில் படத்தைக் கவிழ்த்து வைப்பர். 4×6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், 24 பிட் நிறத்தில் எடுத்தால் 2400×3600 புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத டிஃப் கோப்பு சுமார் 26 மெகாபைட். மூலப்படியாக வைக்க வேண்டியது இதுவே. ஜேபெக், திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கம் இழப்பதால், பகிர்வதற்கு மட்டுமே ஏற்றது. பலர் மறப்பது படத்தின் பின்புறத்தை: ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் மங்கிய தேதி, ‘சின்ன அத்தை கல்யாணம்’ என்பது போன்ற ஒற்றை வரி. அதையும் ஸ்கேன் செய்யாவிட்டால், பேரப்பிள்ளைகளுக்கு முகம் மிஞ்சும், பெயர் மிஞ்சாது. கோப்புகளைக் காக்க, மூன்று படிகள், இருவகைச் சேமிப்பகம், ஒரு படி வேறிடத்தில் என்பது பரவலான நெறி. ஸ்கேன் ஆனபின்னும் அசல் படத்தை எறியக் கூடாது.