மண்ணச்சநல்லூர் ஆலைகளில் நெல் உலர்த்தல்: களமும் கோபுரமும்

திருவரங்கத்திற்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் சிறிது தூரத்தில் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசிக்குப் பெயர் பெற்ற ஊர். புழுங்கல் அரிசியின் தரத்தை அரைவை இயந்திரமே முடிவு செய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நெல் உலரும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஊறவைத்து ஆவியில் அவித்த நெல்லில் ஏறக்குறைய 35 விழுக்காடு ஈரம் இருக்கும். அரைப்பதற்கு அது 14 விழுக்காடு அளவுக்கு இறங்க வேண்டும். அதாவது 1000 கிலோ அவித்த நெல்லிலிருந்து 244 கிலோ நீர் வெளியேற வேண்டும்.

முன்பு இந்த வேலையை வெயில்தான் செய்தது. ஆலையை ஒட்டிய சிமெண்டுக் களத்தில் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிக் கொடுத்தபடி தொழிலாளர்கள் நடப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நெல்லைப் பல்லில் கடித்து முறித்துப் பார்த்தே பதம் சொல்வார்கள். பாதி காய்ந்த நெல்லைக் குவித்து மூடிவைத்து, பிறகு மறுபடியும் பரப்புவதும் உண்டு. திடீர் மழை வந்தால் களம் முழுவதும் ஓட்டமாகிவிடும். நனைந்த நெல் நாற்றமடிக்கும், நிறம் மாறும்.

மாற்றம் 1960களில் தொடங்கியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வகுத்த வெந்நீர் ஊறல் முறை, நாள் கணக்கில் நீண்ட ஊறலைச் சில மணி நேரமாகக் குறைத்தது. 1967இல் திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டி நெல் பதப்படுத்தும் ஆய்வு மையம் தோன்றியது. பின்னர் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த அந்த மையம் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்துள்ளது.

களத்தின் இடத்தைப் பிடித்தது அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கோபுர உலர்த்தி. உயரமான பெட்டிக்குள், கவிழ்த்த 'V' வடிவக் குழாய்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசை வெப்பக் காற்றை உள்ளே விடும், அடுத்தது ஈரக் காற்றை வெளியே கொண்டுபோகும். நெல் இவற்றினூடே வளைந்து வளைந்து கீழிறங்கும். கொதிகலனுக்கு எரிபொருள் ஆலையின் சொந்த உமிதான். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி.

ஆனால் அவசரப்பட்டால் நட்டம். மேற்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் தங்கினால் மணியில் விரிசல் விழும், அரைக்கும்போது குருணையாகும். ஆகவே ஈரம் 16 முதல் 18 விழுக்காடு வந்ததும் நெல்லைத் தொட்டியில் சில மணி நேரம் ஆறவிட்டு, உள் ஈரம் வெளியே பரவிய பிறகே இரண்டாம் முறை உலர்த்துவர். களத்துப் பெண்கள் குவித்து மூடியதும் இதே காரியம்தான். ஏட்டில் அவர்கள் பெயர் ஏறவில்லை. கோபுரம் வந்தபின் அந்தக் கூலியும் குறைந்தது.

ஆலைக்குள் வந்த இந்த வசதி வயலுக்கு வரவில்லை. முன்பு அறுத்த கதிர் களத்தில் ஓரளவு காய்ந்த பின்னரே அடிக்கப்பட்டது. இப்போது அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் ஈர நெல்லைக் கொட்டிவிடுகிறது. குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் அதைத் தளர்த்தும்படி தமிழக அரசு மத்திய அரசைக் கேட்பதும், அனுமதி வருமுன் விவசாயி சாலையோரத்தில் நெல்லைப் பரப்பிக் காத்திருப்பதும் டெல்டாவில் பழகிய காட்சிகள்.

இந்த இடைவெளிக்கு விடை தேடும் கருவிகள் உண்டு. மணிகளைக் காற்றில் மிதக்கவிட்டு விரைவாக ஈரத்தை இறக்கும் மிதவைப் படுகை உலர்த்தி, தாய்லாந்தில் 1990களிலேயே வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அகச்சிவப்புக் கதிர், வெப்ப எக்கி ஆகியவற்றைக் கொண்டு உலர்த்தும் முறைகளும் ஆராயப்படுகின்றன. லாரியில் இழுத்துச் செல்லும் நடமாடும் உலர்த்திகளும் டெல்டாவில் சோதிக்கப்பட்டுள்ளன. சிக்கல் எரிபொருளில் இருக்கிறது. ஆலைக்கு உமி கையிலேயே உண்டு. கொள்முதல் நிலையத்தில் இருப்பது உமி நீக்காத நெல் மட்டும். அங்கே டீசலுக்குப் பணம் கொடுப்பது யார் என்பதில்தான் பேச்சு நிற்கிறது.