கண்டி நாட்டார் மரபில் கடல்

நாலாபுறமும் மலை சூழ்ந்த கண்டியின் கதைகளிலும் சடங்குகளிலும் கடல் வருகிறது. ஆனால் அதில் வலையும் இல்லை, கட்டுமரமும் இல்லை. அது அரசனுக்கும் தெய்வத்துக்கும் பணிகிற கடல். சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய சொல்லும் கஜபாகு மன்னன் கதை இதற்கு நல்ல சான்று. சோழ நாட்டார் சிறைபிடித்துச் சென்ற 12,000 பேரை மீட்க அவன் புறப்படுகிறான். இரும்புத் தண்டால் அடித்ததும் கடல் பிளந்து வழிவிடுகிறது. திரும்பும்போது பத்தினித் தெய்வத்தின் சிலம்பையும் கொண்டுவருகிறான். கண்டியின் எசல பெரஹெரா ஊர்வலத்தின் தொடக்கத்தை மரபு இந்த மீட்சியோடு இணைக்கிறது. இதை நடந்த வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. தென்னிந்தியக் குடியேற்றத்துக்கு விளக்கம் சொல்லப் பிறந்த தொன்மம் என்றே மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர கருதினார்.

பணிகிற கடலின் உச்சம் புத்தரின் புனிதப் பல் உள்ள தலதா மாளிகைக்கு முன்னுள்ள கண்டி வாவி. 1807க்கும் 1812க்கும் இடையில், வயலாகக் கிடந்த நிலத்தில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த இந்த வாவிக்குப் பாற்கடல் என்றே சிங்களத்தில் பெயர். கரையோர மதிலின் விளிம்பு மேகத் திரள்போல் வளைந்து வளைந்து செல்லும். அதில் விளக்கேற்றச் சிறு முக்கோண மாடங்கள். அரசனின் உல்லாசத்துக்காக ஊழிய வேலையில் வெட்டிய குளம்தானே என்பார்கள். ஊழியமும் உண்மை, பிரதானிகளின் கசப்பும் உண்மை. ஆனால் நீராடிக் களிக்க மேகமதில் எதற்கு? 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்த அரசு, தன் தலைநகரிலேயே தேவலோகத்துக் கடலைச் செய்துகொண்டது என்று கொள்வதே பொருத்தம். மலைநாட்டாருக்குக் கடல் தெரியாது, அதனால் கற்பனை செய்தார்கள் என்ற வாதமும் நிற்காது. மதுரையிலிருந்து கண்டி அரண்மனைக்கு வந்த மணப்பெண்கள் கடல் தாண்டித்தான் வந்தார்கள். உப்புக்கும் கண்டி கரையோரத்தையே நம்பியிருந்தது.

இதற்கு நேர்மாறான கடலைப் பிற்காலத்தில் தோட்டத் தமிழர் கொண்டுவந்தார்கள். 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியே நடந்தே வந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டிய மலையகப் பாடல்கள் இவர்கள் வழிவந்தவை. இவர்கள் நினைவில் கடல் என்றால் உறவைப் பிரித்த தண்ணீர். எந்தத் தண்டுக்கும் அது பிளந்து வழிவிடவில்லை. பாற்கடல் கண்ட அரசனுக்கும் கடைசியில் வாய்த்தது அந்த உப்புக் கடல்தான்: 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டவன், 1816இல் கப்பலேற்றி அனுப்பப்பட்டு, 1832இல் வேலூர்ச் சிறைவாசத்தில் இறந்தான்.