பீட்டி சொன்ன வரலாறு

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை அரசு அடக்குமுறையின் கதை என்றுதான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கக் காரணமும் உண்டு. 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்தியது யாருக்கும் மறக்கவில்லை. நாவல் வெளிவந்த 1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் ஆட்கள் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்க அரசு நூலகங்களில் கம்யூனிஸ்ட் எழுத்துகளைத் தேடி அலைந்தார்கள். ஆனால் நாவலில் புத்தகங்களைக் கொளுத்துவதையே வேலையாகக் கொண்ட தீயணைப்புப் படையின் தலைவன் பீட்டி வேறு வரலாறு சொல்கிறான். முதலில் மேலிடத்து உத்தரவு ஏதும் வரவில்லையாம். யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் சுருக்கி, நீர்க்கச் செய்த பிறகுதான் கொளுத்தும் வேலை அரசின் கைக்கு வந்ததாம். வில்லனின் பேச்சை நம்பலாமா என்று கேட்கலாம். அவன் நியாயங்களை நம்ப வேண்டியதில்லை. அவன் சொன்ன வரிசையை அமெரிக்கப் பதிப்புத் தொழில் மெய்ப்பித்துக் காட்டியது.

1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனிலும் பள்ளிப் பிள்ளைகள் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். சட்டம் எதுவும் அவர்களை ஏவவில்லை. செனட் விசாரணையைக் கண்டு மிரண்ட காமிக்ஸ் பதிப்பாளர்கள் 1954இல் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். அதன் முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் எடுக்கத் தயங்கினார்கள். பிராட்பரியின் கதைகளைப் படக்கதையாக்கி வந்த ஈ.சி. நிறுவனம் சீக்கிரமே காமிக்ஸ் தொழிலை விட்டது.

அடுத்து நாவலுக்கே கத்தரி வந்தது. பாலன்டைன் பதிப்பகம் 1967இல் பள்ளிகளுக்கென்று தனிப் பதிப்புப் போட்டபோது எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் கை வைத்தது. வசைச் சொற்கள் போயின. கருக்கலைப்பு என்ற சொல்லும் போயிற்று. குடிகாரன் நோயாளியானான். தொப்புளில் அழுக்கெடுத்தது காதில் அழுக்கெடுத்ததாக மாறியது. (தொப்புளில் அப்படி என்ன ஆபாசத்தைக் கண்டார்களோ!) பிள்ளைகளுக்காகத் திருத்துவது பழைய வழக்கம்தானே என்பார்கள். உண்மைதான். பௌட்லர் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஷேக்ஸ்பியரை வெட்டினார்கள். ஆனால் ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ என்று அட்டையிலேயே போட்டுத்தான் விற்றார்கள். மூலம் வேண்டுமென்றவர் வேறு பதிப்பைத் தேடிக்கொள்ள முடிந்தது. பாலன்டைன் பதிப்பிலோ திருத்தியதாக ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. 1973 முதல் பொதுவாசகர்களுக்கும் அந்தப் பிரதியையே அச்சிட்டார்கள். அரசு தடை போட்டால் எதிர்க்க ஓர் ஆணையாவது கையில் இருக்கும். மெக்கார்த்தி காலத்தில், புத்தகம் எரிப்பவர்களோடு சேராதீர்கள் என்று 1953 ஜூனில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரே மேடையேறிச் சொல்ல முடிந்தது. இங்கே வெட்டு விழுந்ததே தெரியாதபோது யார் யாரிடம் முறையிடுவது? மாணவர்கள் கடிதம் எழுதித்தான் தனக்குத் தெரிந்தது என்று 1979இல் எழுதிய பின்னுரையில் பிராட்பரியே சொல்கிறார். மறு ஆண்டே மூலப் பிரதி திரும்ப வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வாங்கியவர்களின் அலமாரியில் வெட்டுப்பட்ட பிரதிதான் முழு நாவலாக இருந்தது.