மலர் ஈக்கள்: மலையகத்தில் இனங்காணல்

தேனீபோல மஞ்சளும் கறுப்புமாகத் தோன்றி, பூவின்முன் அந்தரத்தில் அசையாது நிற்கும் ஈக்கள். சிர்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட றொசல்ல போன்ற தோட்டப் பகுதிகளில் கொழுந்து பறிப்போருக்குக் குளவிக் கொட்டு உண்மையான ஆபத்து. ஆகவே கொட்டவே கொட்டாத இவற்றைப் பிரித்தறிவது அவசியம். தேனீக்கும் குளவிக்கும் நான்கு சிறகுகள், இவற்றுக்கு இரண்டே. உணர்கொம்புகளும் மிகக் குட்டையானவை.

இலங்கையில் காணப்படும் இரு இனங்கள் எளிதில் குழப்பும். எபிசிர்பஸ் பால்டியேட்டஸின் வயிற்றில், 3ஆம் 4ஆம் கண்டங்களில், தடித்த கறுப்புப் பட்டைக்கு முன்னால் மெல்லிய கறுப்புக் கோடொன்றும் ஓடும். இஸ்கியோடன் ஸ்கூட்டெல்லாரிஸில் அந்தக் கோடு இல்லை. அதன் நெஞ்சின் இரு ஓரங்களிலும் தெளிவான மஞ்சள் வரி உண்டு. ஆணின் பின்கால் உடலோடு சேரும் அடிப்பகுதியில் சிறு முள்ளும் இருக்கும். நிறத்தின் அடர்த்தியை மட்டும் நம்பக்கூடாது: கூட்டுப்புழுப் பருவம் குளிரில் கழிந்தால் பால்டியேட்டஸ் கருமை கூடியே வெளிவரும். மலையகக் குளிரில் இதை மறந்துவிடலாகாது. இரண்டின் புழுக்களும் அழுக்கணவன் பூச்சிகளைத் தின்பவை, கொல்லாமல் விடவேண்டியவை.

பூக்களில் வரும் மற்றொரு குழப்பம்: பம்பிள்பீ எனும் மயிரடர்ந்த தேனீ வகை இலங்கையில் இயற்கையாக வாழ்வதில்லை. அதுவென இங்கு எண்ணப்படுவது பெரும்பாலும் மரத்தைத் துளைக்கும் கருவண்டு. அதன் வயிற்றின் மேற்புறம் மயிரின்றி மின்னும்.