போடிமெட்டு ஏறிய ஜீப்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் மறுபடி கூட்டிக்கொண்டு வரும். இப்போது அந்த வேலையைப் புதிய வண்டிகள் செய்கின்றன. அவற்றுக்கு முன்னால் அந்த மலையைச் சுமந்தவை மகிந்திரா சி.ஜே.-3பி ஜீப்புகள். அவற்றில் ஒன்று என் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் பல வருஷம் கிடந்தது. அதை எங்கள் வீட்டு முற்றத்துக்கு இழுத்து வந்து, கழற்றி, மறுபடி ஓட வைத்தோம். அந்த ஒரு வண்டியின் கதை இது.

கதை போடியில் தொடங்கவில்லை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கிற, எடை குறைந்த வண்டி வேண்டும். முதல் வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பென்சில்வேனியாவில் பான்டம் என்ற சிறு கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து, செப்டம்பர் 23 அன்று, கெடுவுக்குள், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அவை இரண்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. முதலில் செய்து காட்டிய பான்டமுக்கு மிஞ்சியது டிரெய்லர் செய்யும் வேலை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இந்தியாவில் 1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா சகோதரர்கள் இருவரும் குலாம் முகமதுவும் சேர்ந்து எஃகு வியாபாரத்துக்காக மகிந்திரா அண்ட் முகமது என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. அந்த நாற்பதுகளின் இறுதியிலேயே பம்பாய் மஸகானில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய வில்லிஸ் பாகங்களைப் பூட்டி ஜீப் ஆக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1953-ல் வில்லிஸ் கொண்டுவந்தது சி.ஜே.-3பி. இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்று அமைந்த புது பெட்ரோல் இன்ஜின் அதற்கு. இன்ஜின் உயரமாகிவிட்டதால் பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. தூரத்தில் வரும்போதே இந்த ஜீப்பை அடையாளம் காட்டும் உயர்ந்த முகம் இப்படி வந்ததுதான். அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது.

எங்கள் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில் முதல் உரிமையாளர் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். அந்தக் காலத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) என்றாலே ஜீப்தான், கிணறு வெட்டக் கடன், தடுப்பூசி, பள்ளிக்கூட ஆய்வு, தேர்தல் பெட்டி எல்லாம் அதில்தான் வரும். பிறகு கண்டம் செய்து ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். பெரியப்பா எடுத்தார். அதற்கப்புறம் அது மலை வண்டி.

புத்தகத்தில் இல்லாததைப் பெயின்ட் சொன்னது. முன் மட்கார்டில் ஓர் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மேலே வெள்ளை. அடியில் தோட்டத்துப் பச்சை, பிரஷ்ஷால் அடித்தது, மயிர்கூட ஒட்டியிருந்தது. அதற்கும் கீழே நீலம். கடைசியில் மங்கிய சாம்பல், பிறகு ரெட் ஆக்சைடு, தகடு. டாஷ்போர்டுக்கு உள்பக்கம் யாரும் பெயின்ட் அடிக்காத இடத்தில் அந்தச் சாம்பல் அப்படியே இருந்தது. அந்த இடத்தை நாங்கள் தொடவில்லை. இப்போதும் கை விட்டுத் தடவினால் அதுதான் இருக்கிறது.

வீட்டில் வைத்து ஒரு ஜீப்பைக் கழற்ற முடியும் என்றால் காரணம், அது கழற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. போர்க்களத்தில் பட்டறை கிடையாது. சிப்பாய் கையில் நாலு ஸ்பேனர்தான். அதனால் மட்கார்டும் பானெட்டும் போல்ட்டில் நிற்கின்றன. கண்ணாடிச் சட்டம் முன்னால் மடிந்து பானெட்டின் மேல் படுக்கும். பாடியைத் தூக்க நாலு ஆள் போதும். அடியில் இருப்பது ஏணி மாதிரி இரண்டு நீளச் சட்டமும் குறுக்குச் சட்டங்களும்தான்.

அங்கே கண்டது எங்களுக்கே ஆச்சரியம். இன்ஜினும் கியர் பாக்ஸும் காலமெல்லாம் ஆயில் கசிந்த இடத்தில் சேசிஸ் புதுசு போல இருந்தது. மலைச் சேறு தங்கிய பின்பகுதியில் சுத்தியலால் தட்டினால் தகடு பொடியாக உதிர்ந்தது. தரைத்தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவச் சட்டம்தான் மிக மோசம். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல் முதலில் கீழே படுத்து அதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்குத் துணை நின்றவர் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக். இடது பக்கச் சக்கர நட்டில் நான் ஸ்பேனரை மாட்டியதுமே தடுத்துவிட்டார். “தம்பி, அது இடம்புரி மரை. வழக்கமா கழட்டுற மாதிரி திருப்புனா இன்னும் இறுகும். ஏறி மிதிச்சீங்க, ஸ்டட்டு உடைஞ்சு கையோட வந்துரும்.” வண்டி முன்னோக்கி ஓடும்போது நட்டு தானாகத் தளரக் கூடாதென்று இடது பக்கத்துக்கு மட்டும் எதிர் மரை போட்டிருக்கிறார்கள். கமான் பட்டையைத் தாங்கும் ஷேக்கிளிலும் சிலவற்றுக்கு அதே இடம்புரி; அடையாளத்துக்குச் சின்னப் புடைப்பு இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டு விரலால் தடவினால்தான் தெரியும். இது தெரியாதவர் கையில் போன ஜீப்பில் வெட்டுப்பட்ட, வெல்டிங் வைத்த ஸ்டட்டுகளைப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஓட்டை விழுந்த டேங்குக்கு, காலியாகத்தானே இருக்கிறது, டீசல்தானே என்று நெருப்பைக் காட்டவே கூடாது. உள்ளே நிற்கிற ஆவி போதும் வெடிப்பதற்கு. பழுது பார்க்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் புது டேங்க் செய்துகொள்ளுங்கள்.

இந்த ஜீப் மலை ஏறிய ரகசியம் கியரில் இருக்கிறது. மூன்று கியர் கொண்ட பாக்ஸில் முதல் கியர் 2.8 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் இன்னும் 2.46, ஆக்சிலில் 5.38. பெருக்கிப் பார்த்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 37 சுற்று. வேகம் நடையளவுதான், ஆனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற கல் பாதை மாதிரியான இடத்தில் அந்த நடைதான் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் இன்ஜினையே பிரேக்காக வைத்து இறங்கலாம்.

பிரேக்கை நம்பாமல் என்று சும்மா சொல்லவில்லை. நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓரிடத்தில் ஆயில் கசிந்தால் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பழைய வண்டியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பவன் நான். ஆனால் பிரேக், விளக்கு, சீட் பெல்ட் மூன்றிலும் அந்தப் பிடிவாதம் கூடாது. இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர் போட்டோம்.

பெரிய விவாதம் இன்ஜினைப் பற்றித்தான் நடந்தது. எங்கள் ஜீப்பில் பெட்ரோல் இன்ஜின் இல்லை. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறிய பிறகு, மலையில் ஆள் ஏற்றி நாலு காசு பார்க்க வேண்டுமென்றால் டீசல்தான் வழி என்று ஆயிற்று. இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் டீசல் இன்ஜினை மகிந்திராவே ஜீப்பில் வைத்து விற்றது. பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களும் பட்டறையில் கொடுத்து அதையே மாட்டிக்கொண்டார்கள். பெரியப்பாவும் அப்படித்தான், ஆர்.சி.யில் அந்த மாற்றம் முறையாக ஏறியிருக்கிறது.

நண்பர்கள் பழைய பெட்ரோல் இன்ஜின் தேடச் சொன்னார்கள். ராணுவப் பச்சை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து, பின்னால் ஜெர்ரி கேன் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வண்டி நார்மண்டிப் போர்க்களத்தைப் பார்த்ததில்லை. இது பி.டி.ஓ. வண்டியாகப் பிறந்து, ஏலக்காய் மூட்டையும் கூலிக்குப் போகிற பெண்களையும் சுமந்து, டிராக்டர் இன்ஜினின் கடகடப்போடு போடிமெட்டு ஏறிய வண்டி. அந்த டீசல்தான் அதன் வாழ்க்கையின் பாதி. பின் தட்டில் ஆட்கள் பிடித்துக்கொள்ள அடித்த கம்பியின் நடுப்பகுதி, கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு அமெரிக்க ஜெர்ரி கேன் மாட்டுவதற்குப் பெயர் புதுப்பித்தல் இல்லை. இன்ஜினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, வால்வு கிரைண்டிங் செய்து அதையே திரும்ப வைத்தோம். பாடிக்குத் தோட்டத்துப் பச்சை.

இதற்கு ஒரு விலை உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேலான வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். அன்றாடம் ஓட்டவும் முடியாது. எங்கள் ஜீப் அதற்குள் வராது. ஐந்து வருஷத்துக்கொருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போகிறோம். அதனால்தான் அது இன்றும் சந்தைக்குப் போகிறது, முந்தல் வரை ஏறுகிறது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒன்று கிடந்தால் காயலான் கடைக்கு எடை போட்டு விடாதீர்கள். அதை ஓட்டியவர்கள், அதில் ஏறிப் போனவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஒரு போல்ட்டைத் தொடும் முன் ஆர்.சி.யை எடுத்து இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சேசிஸில் எண் வெட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, மண்ணெண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் பட்டு எண் அழிந்துவிட்டால், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பதிவைப் புதுப்பிப்பது பெரும்பாடாகிவிடும்.