காய்ச்சல் காலத்தில் தோட்டத்து மக்கள்



கிள்ளான் பட்டணம் மேட்டு நிலத்தில் எழுந்த ஊர் அன்று. சதுப்பு நிலத்து நீரை வடித்து, கடல்நீர் ஏறி வராதபடி கரை போட்டு, காடு வெட்டி உண்டாக்கிய பகுதி அதில் பெரும்பகுதி. மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பி ஓடும்போதுதான் அந்தப் பழைய சதுப்பு நமக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் அந்தத் தண்ணீர்தான் அங்கே உயிர் குடித்தது.

நோய் ஊரெல்லாம் பரவிய காலங்களில் நம் தோட்டத்து மக்கள் உதவி தேடி யாரிடம் போனார்கள், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றப்பட்டதே, அந்தத் துறைமுகம்தான். திறந்த சில வாரங்களிலேயே அங்கே வேலை செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். கரையில் நின்ற கப்பல்களின் ஆட்களையும் காய்ச்சல் விடவில்லை. இவ்வளவு பணம் போட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பலர் அதை நம்பவில்லை. வாட்சன் நம்பினார். பட்டணத்தைச் சுற்றியிருந்த சதுப்பை வடிக்கவும், காட்டை வெட்டவும், துறைமுகத்தைச் சுற்றிக் கரை கட்டவும் அரசாங்கம் பணம் ஒதுக்கியது. பலனைக் கணக்கிலேயே பார்க்கலாம். கிள்ளானும் துறைமுகமும் சேர்ந்து, 1900இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 259 பேர். 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். சில ஆயிரம் பேரே வாழ்ந்த இடத்தில் இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வாட்சனுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. அந்தச் சேற்றில் இடுப்பளவு நின்று மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அன்றன்றையக் கூலி கிடைத்தது.

பட்டணத்துக்கு வந்த இந்த நன்மை தோட்டத்துக்கு உடனே வந்துவிடவில்லை. கித்தா விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்க, மலைச்சாரல் காடுகளெல்லாம் அழிந்து கித்தாக் கன்றுகள் எழுந்தன. இங்கே ஒரு விபரீதம் நேர்ந்தது. கிள்ளான் சமவெளியில் காட்டை வெட்டினால் காய்ச்சல் குறைந்தது; மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடியது! காரணம் கொசுவின் குணம். சமவெளிக் காட்டுக் கொசு நிழல் விழுந்த சதுப்பு நீரில் முட்டையிடும். மலைக் கொசு வேறு சாதி. வெயில் படும் தெளிந்த ஓடை நீரைத்தான் அது தேடும். காடு இருந்தவரை நிழலில் கிடந்த ஓடையை நாமே வெட்டித் திறந்து அதற்குக் கொடுத்துவிட்டோம். இதைக் கண்டறிய வாட்சனுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதன் பிறகுதான் ஓடையை மண்ணுக்கடியில் குழாய் வைத்து ஓடவிடுவதும், 1914 முதல் தண்ணீரின் மேல் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. தோளில் தகரப் பீப்பாயைச் சுமந்துகொண்டு கால்வாய் கால்வாயாக மருந்தெண்ணெய் அடித்துப் போகும் ஆளைப் பழைய தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வேலை தொடங்கிய கதை இதுதான்.

அதற்குள் எத்தனை உயிர் போயிற்று? 1911ஆம் ஆண்டு மலாய்க் கூட்டரசுத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய 63 பேர் இறந்தார்கள். ஒரே ஆண்டில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாவு. அவர்கள் கிழவர்கள் அல்லர். வேலை செய்யும் வயது என்று பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றப்பட்டவர்கள்.

இந்தக் கணக்குக்குப் பிறகுதான் சட்டம் விறைப்பாயிற்று. ஆஸ்பத்திரி வசதியும் மருந்தும் நல்ல தண்ணீரும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1912ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வகுத்தது. பல தோட்டங்களில் சொந்த ஆஸ்பத்திரி எழுந்தது. சில தோட்டங்கள் சேர்ந்து ஒன்றைக் கட்டிக்கொண்டன. டாக்டர் எப்போதோ வருவார். அன்றாடம் அங்கே ஆண்டவர் டிரசர்தான். காலையில் பிரட்டுக் களத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கொயினாவை ஊற்றுவதும், காய்ச்சலா சோம்பலா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலை. அவர் நோய் என்று எழுதினால் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் வெட்டுக்காடு. நல்ல டிரசர்கள் இருந்தார்கள், அவர்களைத் தெய்வமாக மதித்த லயங்களும் இருந்தன. ஆனாலும் தொழிலாளிக்கு அதைவிட வேறு வாசல் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். மருந்தும் வீடும் கூலியும் ஒரே கையில் இருந்தன. அன்று பெயர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. ஆகவே காய்ச்சலோடு மரம் சீவியவர்கள் பலர்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்தக் காலத்தில்தான் தோன்றியது. அன்று பெரிபெரி என்னும் நோய் சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுவிடும். தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது விடை நம் அடுப்பில் இருந்தது. தீட்டிய பச்சரிசி தின்றவர்களுக்கு நோய் வந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழர்கள் தப்பினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் இதைச் சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். நம் பாட்டிமார் செய்துவந்த காரியத்துக்கு உலக மருத்துவத்தில் ஒரு பக்கம் உண்டு.

இனி 1918ஆம் ஆண்டுக்கு வருவோம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இன்புளுவென்சா என்ற விஷக்காய்ச்சல் உலகையே வளைத்துக்கொண்டது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மலாயாவில் அக்டோபர் மாதம் அது கடுமையாக வந்தது. துறைமுகத்தில் இறங்கி, ரயில் போன வழியெல்லாம் போய், தோட்டம் தோட்டமாக நுழைந்தது. இந்த நாட்டிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். கொயினா இதற்குக் கேட்கவில்லை. டாக்டரிடம் மருந்தே இல்லாத நோய் அது. இருபது பேருக்குக் கட்டில் போட்ட ஆஸ்பத்திரியில் ஒரு லயமே வந்து படுத்தால் என்ன செய்வது? புருஷன், மனைவி, பிள்ளை எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்ட வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லை. மருந்தில்லாத நோயில் வேளைக்குக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்து, நெஞ்சுச் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதிலேயே பலருடைய உயிர் நின்றது.

அன்று வெளியிலிருந்து தொழிலாளிக்கு வரக்கூடிய உதவி என்ன இருந்தது? 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி ஒன்று இருந்தது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் ஆட்களைக் கப்பலில் கொண்டுவரவே அது செலவாயிற்று. உழைத்து ஓய்ந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1920களில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்த்தப்பட்டார். மனு எழுதிப்போட ஓர் அலுவலகம் கிடைத்தது அப்போதுதான். அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர்க் குழாய், லயம், ஆஸ்பத்திரி ஆகியவற்றின் நிலையை ஆண்டறிக்கையில் எழுதினார்கள். 1926இல் தோட்டச் சுகாதாரத்துக்கென்று வாரியம் அமைக்கச் சட்டம் வந்தது. அதற்கு வரி கட்டத் தோட்ட முதலாளிகள் முணுமுணுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கித்தா விலை விழுந்தது, வாரியமும் விழுந்தது. 1930 முதல் 1932 வரை வேலையற்றுப் போன ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கேட்டால்தான் கிடைக்கும் என்ற எண்ணம் தோட்டங்களில் எழுந்ததும் கிள்ளானில்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வைப் பற்றியே நாம் பேசுகிறோம். ஆனால் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சரியான மருத்துவ வசதி வேண்டும் என்பதும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும், துரைமாருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்பதும் இருந்தன. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட நம்மவர்கள் வாந்திபேதியில் மடிந்த கதை தனியே சொல்ல வேண்டியது.

போருக்குப் பின் வாசல்கள் கூடின. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம், 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம், 1969இல் சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. காயம்பட்டவனுக்கும் முடமானவனுக்கும் முதலாளியின் இரக்கத்தை எதிர்பாராமல் பணம் கிடைக்க வழி பிறந்தது.

ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொரு சங்கடமும் பிறந்தது. அது காகிதச் சங்கடம். சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்காமல் இருந்துவிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். “இங்கேதானே பிறந்தோம், எங்கே போகப் போகிறோம்” என்று இருந்துவிட்டார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் தவித்தார்கள்; ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குப் போய்விட்டதாகக் கணக்கு. தங்கிவிட்டவர்களின் வீடுகளில், கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத கல்யாணம், காலம் கடந்த பிறப்புப் பதிவு, தாயின் சிவப்பு அடையாளக் கார்டு என்று ஏதோ ஒன்று பிள்ளையின் தலையில் வந்து விழுந்தது.

பிறகு தோட்டமே போயிற்று. வாட்சன் மலையோடைக் கொசுவை அடக்கிக் காட்டிய தோட்டங்களில் ஒன்று சீபீல்டு. அந்த மண்ணில்தான் இன்று சுபாங் ஜெயா நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய தோட்டங்கள் பல. தோட்டம் விற்கப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை. வீடு, டிரசர், ஆயாக்கொட்டகை எல்லாம் ஒரே நாளில் போயின. புறம்போக்குக் குடிசைக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்த குடும்பம், எந்த உதவிக்கு எந்த அலுவலகம் என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தப் பழைய கதையெல்லாம் மறுபடி மேலே வந்தது. உதவி இல்லாமல் இல்லை. மார்ச் 27ஆம் தேதி அறிவித்த பரிவு உதவித் திட்டத்தில், மாதம் 4,000 வெள்ளிக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி. முன்பே வாழ்க்கைச் செலவின உதவி பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தானாக வந்தது. மற்றவர்கள் வருமான வரி வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் தேசிய சேமிப்பு வங்கியில் போய் வாங்கிக்கொண்டார்கள். சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க இடம் கிடைத்தது. சொக்சோ வழியாகச் சம்பள உதவித்தொகை வந்தது. இதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. தொழிலாளியைச் சொக்சோவில் பதியாத முதலாளியிடம் வேலை பார்த்தவர்களுக்கு அது எட்டவில்லை. நூறு ஆண்டு கழித்தும் அந்த வாசலின் சாவி பழைய கையிலேயே இருந்தது.

அடையாளக் கார்டு இல்லாதவர்களுக்கோ எந்த வாசலும் இல்லை. அவர்களுக்கு அச்சமும் சேர்ந்துகொண்டது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்கள் ஏப்ரலில் முள்வேலி போட்டு அடைக்கப்பட்டன. உணவுக்கடைகளில் வேலை பார்த்த தமிழர்களும் அங்கே இருந்தார்கள். பரிசோதனைக்கு வாருங்கள், பத்திரம் கேட்க மாட்டோம் என்ற பேச்சு இருந்தது. மே 1ஆம் தேதி அதே பகுதியில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்திப் பலரைப் பிடித்துச் சென்றது. நோய்க் காலத்தில் இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது என்பது என் கருத்து. ஒளிந்துகொள்கிறவனைத் தேடி டாக்டர் போக முடியாது, நோய் போகும்.

2021 ஜூலையில் கிள்ளான் மீண்டும் 1901ஐப் பார்த்தது. தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கட்டில் இல்லை. ஷா ஆலாம் மலாவத்தி அரங்கில் நோய் கண்டவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வீட்டிலேயே இறந்தவர்கள் பலர். அப்போதுதான் சன்னலில் வெள்ளைத் துணி கட்டும் வழக்கம் வந்தது. அரிசி தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். பாரம் எழுதத் தெரியாதவர், அடையாளக் கார்டு இல்லாதவர், முதலாளி பதியாதவர் யாராக இருந்தாலும் ஒரு துணித்துண்டு போதும். பக்கத்து வீட்டார் அரிசியும் சார்டின் டின்னும் கொண்டுவந்தார்கள். 1918இல் லயத்தில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாக ஊற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்லலாம்.

அடுத்த மாதம், ஆகஸ்டில், கிள்ளான் பள்ளத்தாக்கில் முன்பதிவு இல்லாமல் நேரே வருகிறவர்களுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பத்திரமில்லாதவர்களும் வரலாம் என்றார்கள். புக்கிட் ஜாலில் அரங்கின் வெளியே வெயிலில் வளைந்து வளைந்து நின்ற அந்த வரிசையில், எந்த அட்டையும் கையில் இல்லாமல் வந்து நின்றவர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.